ஆறு வாரமாகியும் பாசிட்டிவ்: அம்மாவுக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லையா?

கேள்வி: முடக்குவாதத்துக்காக என் அம்மாவுக்கு நான்கு மாதத்துக்கு முன் ரிடுக்ஸிமாப் ஏற்றினார்கள். கொரோனா வந்து ஆறு வாரமாகிறது. காய்ச்சல் விட்டுவிட்டு அடிக்கிறது. ஆர்டி-பிசிஆர் இன்னும் பாசிட்டிவ். எங்களுக்கெல்லாம் ஒரே வாரத்தில் சரியாகிவிட்டது. அவருக்கு எதிர்ப்புச் சக்தியே போய்விட்டதா?

பதில்: முழுதாகப் போகவில்லை. ரிடுக்ஸிமாப் அழிப்பது பி செல்களை. புதிய ஆன்டிபாடி, அதாவது கிருமியை மடக்கும் புரதம், உருவாக அவைதான் வேண்டும். பலருக்கு அவை திரும்பி வர ஆறு மாதம் முதல் ஒரு வருடம்கூட ஆகும். பழைய ஆன்டிபாடிகளைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களை மருந்து நேரடியாகத் தொடாது. அதனால் முன்பு போட்ட தடுப்பூசியின் பலன் கொஞ்சம் மிச்சமிருக்கலாம்.

டி செல்களும் பெரும்பாலும் தப்பிவிடும். வைரஸ் புகுந்த செல்லைக் கண்டுபிடித்துக் கொல்வது அவற்றின் வேலை. சிக்கல் என்னவென்றால், செல்லுக்கு வெளியே மிதக்கும் வைரஸை மடக்க ஆன்டிபாடிதான் வேண்டும். அது இல்லாதபோது ஒரு செல் செத்தாலும் அதிலிருந்து கிளம்பிய வைரஸ் பக்கத்துச் செல்லில் ஏறிக்கொள்கிறது. அடங்குவதும் கிளம்புவதுமாக நோய் இழுப்பது இதனால்தான். மாதக்கணக்கில் இழுத்தால் டி செல்களே களைத்துப்போகலாம்.

சரி, பாசிட்டிவ் என்றாலே உயிருள்ள வைரஸா? இல்லை. செத்த வைரஸின் துணுக்குகூட பல வாரம் பாசிட்டிவ் காட்டும். ஆனால் அம்மாவுக்குக் காய்ச்சலும் இருப்பதால் துணுக்கு என்று தள்ளிவிட மாட்டேன். அறிக்கையில் 'சிடி வேல்யூ' இருக்கிறதா பாருங்கள்; வைரஸ் கண்ணில் படச் சோதனை எத்தனை சுற்று ஓடியது என்ற எண் அது. 34 என்று இருந்தது அடுத்த முறை 23 என்று வந்தால், எண் குறைந்ததே என்று சந்தோஷப்படாதீர்கள்; வைரஸ் கூடியிருக்கிறது என்று பொருள். இன்னொன்று, மூக்கில் நெகட்டிவ் வந்தும் நுரையீரலில் வைரஸ் இருப்பதுண்டு. மார்பு ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.

காய்ச்சலை முழுக்கக் கொரோனா தலையிலேயே கட்டிவிடவும் வேண்டாம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் காசநோய், பூஞ்சைத் தொற்று எல்லாம் சத்தமில்லாமல் வரலாம்.

ஸ்டீராய்டு சாப்பிட்டுவந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், அது ஆபத்து. அடுத்த ரிடுக்ஸிமாப் டோஸைத் தள்ளிப்போடலாமா என்பதை மூட்டு மருத்துவர் முடிவு செய்யட்டும். இப்போதும் வைரஸ் எதிர்ப்பு மருந்து கொடுக்கலாமா என்று தொற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். கொரோனா மாத்திரையான நிர்மாட்ரெல்விருடன் சேர்த்துத் தரும் ரிடோனாவிர் பல மருந்துகளோடு மோதும். ரத்தத்தில் ஐஜிஜி என்ற ஆன்டிபாடி வகையின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே போனாலோ அன்றைக்கே மருத்துவமனை, காத்திருக்காதீர்கள்.