ஆட்டோகேட் தெரிஞ்சவங்க ஜிஐஎஸ் பக்கம் வரணும்னா: வேலூர் சுத்துவட்டாரத்து கேள்விகளும் என் பதிலும்

மேப் டிராயிங் பத்தி எதுனா சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு போன வாரம் சொல்லியிருந்தேன், நெறைய பேர் கேட்டிருக்கீங்க, சந்தோஷம். 16 வருஷமா இந்த வேலைதான், ஆட்டோகேட்ல (கம்ப்யூட்டர்ல பிளான் வரையற சாஃப்ட்வேர்) ஆரம்பிச்சு இப்ப காட்பாடில உக்காந்து ஜிஐஎஸ் (மேப்ல ஒவ்வொரு எடத்தோடயும் அதோட விவரத்த சேத்து வைக்கிற வேலை) பண்றேன். தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி (குடியாத்தம், ஐடிஐ சிவில் டிராஃப்ட்ஸ்மேன்): அண்ணா, ஆட்டோகேட் நல்லா வரும். ஜிஐஎஸ்க்கு மறுபடி முதல்லேர்ந்து படிக்கணுமா?

வேணாம் தம்பி. கைப்பழக்கம் அப்படியே உதவும், பாக்குற விதம்தான் மாறணும். வீட்டு பிளான்ல பிரிண்ட் எடுத்தா கோடு சேந்த மாதிரி தெரிஞ்சா போதும். மேப்ல அந்த கோட்டுக்குள்ள இருக்குற இடத்துக்கு சர்வே நம்பர், பரப்பு எல்லாம் ஏத்தணும், அதனால கோடு நெஜமாவே மூடியிருக்கணும். போன மாசம் ஒரு பையன் ஒரு புலப்படத்த (ஒரு சர்வே நம்பரோட அளவு படம்) வரைஞ்சு எடுத்தாந்தான், 5 உட்பிரிவு, பாக்க அவ்ளோ சுத்தம், ஆனா க்யூஜிஐஎஸ்ங்கற ஜிஐஎஸ் சாஃப்ட்வேர்ல, மூடின கோட்டையெல்லாம் தனித்தனி நிலமா மாத்துற பாலிகனைஸ் போட்டா 4 தான் வருது. நடுக்கோட்டோட ஒரு முனைய ஜூம் பண்ணிகினே போனோம், கடைசில பாத்தா 2 சென்டிமீட்டர் வாய் தொறந்து கெடக்கு, ரெண்டு உட்பிரிவும் அந்த வழியா ஒண்ணாயிடுச்சு. கோட்டு முனைய சரியா பிடிக்கிற ஓஸ்னாப்ல எண்ட்பாயிண்ட் ஆன் பண்ணாம வரைஞ்சிருக்கான். இன்னொண்ணு, பக்கத்து பக்கத்து மனைக்கு நடுவுல இருக்குற எல்லைய ஒரு தடவதான் வரையணும், ரெண்டு பக்கமும் தனித்தனியா வரைஞ்சா நடுவுல சன்னமா ஒரு துண்டு நிலம் பொறந்துடும், அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம். வரைஞ்சு முடிச்சதும் ஆட்டோகேட்ல ஓவர்கில் கமாண்ட ஒரு தடவ ஓட்டிடு, ஒண்ணு மேல ஒண்ணா இருக்குற கோடெல்லாம் போயிடும்.

கேள்வி (ஆம்பூர்): டிராயிங்க க்யூஜிஐஎஸ்ல எடுத்தா ஆப்பிரிக்கா பக்கத்துல கடல்ல போய் உக்காருது ப்ரோ, ஏன்?

யாரோ மூவ் போட்டு 0,0 கிட்ட இழுத்து வச்சிருப்பாங்க. நம்ம வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூணு மாவட்டமும் யூடிஎம்ல (உலகத்த மண்டலமா பிரிச்சு மீட்டர்ல எடம் சொல்ற முறை) 44 வடக்கு மண்டலத்துல வருது, க்யூஜிஐஎஸ்ல அதோட கோட் நம்பர் இபிஎஸ்ஜி 32644ன்னு தேடுங்க. வேலூர் டவுன்ல எந்த புள்ளிய தொட்டு ஆட்டோகேட்ல ஐடி கமாண்ட் (புள்ளி இருக்குற எடத்த காட்டும்) போட்டாலும் எக்ஸ் 2,97,000 பக்கமும் ஒய் 14,29,000 பக்கமும் வரணும், ஆம்பூர்னா எக்ஸ் இன்னும் கொறையும். 3 இலக்கத்துல வந்தா டிராயிங் எடம் மாறிடுச்சுன்னு அர்த்தம். நான் வேலைக்கு சேந்த புதுசுல பெரிய நம்பர் தொந்தரவா இருக்குன்னு ஒரு ரோடு டிராயிங்க இப்படி இழுத்து வச்சு சேவ் பண்ணிட்டேன், எவ்ளோ தூரம் நகத்தினேன்னு குறிச்சும் வெக்கல, அப்புறம் 3 நாள் உக்காந்து ரோட்டுல இருக்குற சின்ன சின்ன பாலத்த ஒவ்வொண்ணா பொருத்தி திரும்ப எடத்துல வச்சேன். நகத்தவே நகத்தாதீங்க. ஆர்க்கிடெக்ட் குடுத்த டிராயிங் மில்லிமீட்டர்ல இருந்தா, மீட்டராக்க 0.001 ஸ்கேல் பண்ணிட்டு ஆரம்பிங்க.

கேள்வி (ராணிப்பேட்டை): சார், கல்யாணத்துக்கு அப்புறம் 9 வருஷம் கழிச்சு மறுபடி வரேன். பழைய புலப்படத்துல அளவு லிங்க்ல இருக்கு, எப்படி போடறது?

தாராளமா வாங்கம்மா, இந்த வேலைக்கு பொறுமை இருக்குறவங்கதான் வேணும். ஒரு சங்கிலி 66 அடி, அதுல 100 லிங்க், அப்ப ஒரு லிங்க் 0.201168 மீட்டர். லிங்க்லயே முழுசா வரைஞ்சுட்டு கடைசில அந்த நம்பரால ஒரே தடவ ஸ்கேல் பண்ணிடுங்க, ஒவ்வொரு அளவையும் கால்குலேட்டர்ல மாத்திகினு இருந்தா தப்பு வரும். 1000 சதுர லிங்க் ஒரு சென்ட். அதனால 250க்கு 250 லிங்க் நிலம்னா 62.5 சென்ட் வரணும், மீட்டருக்கு மாத்துனா 50.29 மீட்டர் பக்கம், 25.29 ஏர் (ஒரு ஏர்னா 100 சதுர மீட்டர்). வரைஞ்சதோட பரப்ப அ-பதிவேட்டுல (கிராமத்து நிலக் கணக்கு) இருக்குற பரப்போட ஒத்துப் பாருங்க. ஒத்து வரலன்னா கோட்ட இழுத்து சரிகட்டாதீங்க, தயவு செஞ்சு, அது இன்னொருத்தரோட நிலம். ஆஃப்செட் (அளவுக் கோட்டுலேர்ந்து பக்கவாட்டுல எடுத்த அளவு) இடது பக்கமா வலது பக்கமான்னு மறுபடி பாருங்க, பெரும்பாலும் அங்கதான் மாறியிருக்கும்.

கேள்வி (அணைக்கட்டு): ஊர் பேரெல்லாம் தமிழ்ல அடிச்சேன், க்யூஜிஐஎஸ்ல இங்கிலீஷ் எழுத்து கன்னாபின்னான்னு வருது.

பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்ல அடிச்சிருப்பீங்க. யூனிகோடுக்கு மாத்திட்டு ஏத்துங்க. ஷேப்ஃபைல்ங்கற பழைய மேப் ஃபைல் வகைல அட்டவணைத் தலைப்பு 10 எழுத்துக்கு மேல தாங்காது, தமிழ்ல இன்னும் கம்மி, அதனால ஜியோபேக்கேஜ்ங்கற ஃபைல் வகைல சேவ் பண்ணிடுங்க.

கேள்வி (மேல்விஷாரம்): பாலாத்தோட கரைய சாட்டிலைட் படம் பாத்து வரையலாமாண்ணா?

தண்ணி ஓரம்னு பேர் வச்சு தனி லேயர்ல வரைங்க, ஆத்துப் புறம்போக்கு எல்லைன்னு மட்டும் போட்டுடாதீங்க. வெயில் காலத்து படத்துல வெறும் மணலும் முள்ளும்தான் தெரியும், 2021 நவம்பர் வெள்ளத்துல அதே ஆறு எப்படி போச்சுன்னு நாம எல்லாருமே பாத்தோம். எல்லை புலப்படத்துலேர்ந்துதான் வரணும்.

கேள்வி (காட்பாடி): சாஃப்ட்வேர் காசு குடுத்து வாங்கணுமா?

க்யூஜிஐஎஸ் இலவசம். படிக்கிற பசங்களுக்கு ஆட்டோகேட்ல ஸ்டூடண்ட் லைசன்ஸ் இருக்கு, அத காசு வாங்கற வேலைக்கு பயன்படுத்தக் கூடாது.

கேள்வி (பள்ளிகொண்டா): போன் ஜிபிஎஸ்ல மூலைக்கல் எடுத்து மனை அளக்கலாமா அண்ணா?

கூடாது தம்பி. வெட்டவெளில நின்னாலே 3லேர்ந்து 5 மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும், 30 அடி அகல மனைல அது பாதி அகலம் வரைக்கும் வந்துடும். கெணறு எங்க இருக்கு, மின்கம்பம் எங்க இருக்குன்னு குறிக்க போன் போதும். மூலைக்கல்லுக்கு டிஜிபிஎஸ் இல்லன்னா டோட்டல் ஸ்டேஷன் மாதிரி துல்லியமா அளக்குற கருவிதான் வேணும். உங்க ஊர்ல சர்வேயர் யாராச்சும் அளக்க வந்தா ஒரு நாள் அவரோட போயி ஸ்டாஃப் (அளவுக் கம்பு) பிடிங்க, அந்த ஒரு நாள்ல கத்துக்கறது நெறைய.