கேள்வி நேரம்: ‘சரி டீச்சர்’ மட்டும்தான் வருகிறது

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களைச் சேர்ந்த 18 ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு இரவில் கூகுள் மீட்டில் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) தமிழ் இலக்கியம் நடத்துகிறேன். யாரும் கேமராவைத் திறப்பதில்லை. உரையாடல் பெட்டியில் ‘சரி டீச்சர்’ மட்டும்தான் வருகிறது. ஒருவரையொருவர் அறியாமலே இருக்கிறார்கள். என்ன செய்யலாம்?
— ஓர் ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: கேமராவை விட்டுவிடுங்கள், டீச்சர். லைன் மெலிந்த இடத்தில் படம் ஓடினால் குரல் அறுந்துபோகும். எழுத்துக்கு டேட்டா மிகக் குறைவு. பிள்ளைகள் இப்போது உங்களிடம் மட்டும் பேசுகிறார்கள். அவர்களுக்குள் பேசவைப்பதுதான் வேலை.

வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்பே அறையைத் திறந்து, தவறான பதிலே இல்லாத கேள்வி ஒன்றைப் போடுங்கள்: “இன்று உங்கள் வீட்டில் என்ன குழம்பு?” முதல் வரியை எழுதிவிட்ட கைக்கு அடுத்த வரி கூச்சம் தராது.

பாடத்தின் நடுவே கேள்வி கேட்டால், “எழுதுங்கள், ஆனால் நான் சொல்லும்வரை அனுப்பாதீர்கள்” என்று ஒன்றரை நிமிடம் கொடுங்கள். இல்லையென்றால் வேகமாகத் தட்டும் ஒருவரின் பதில் முதலில் வந்து விழும். மற்றவர்கள் எழுதியதை அழித்துவிடுவார்கள். எல்லாம் ஒன்றாக வந்ததும், ஒவ்வொருவரும் வேறொருவரின் பதிலுக்குப் பெயர் சொல்லி ஒரு வரி எழுதட்டும். இந்த இரண்டாவது சுற்றில்தான் நட்பு முளைக்கும். அவசரத்தில் இதை மட்டும் வெட்டிவிடாதீர்கள். கைப்பேசியில் பெட்டியைத் திறந்தால் பாடப்படம் மறைந்துவிடும், ஆகவே அப்போது விளக்கத்தை நிறுத்துங்கள். நீங்கள் பேசும் வேளையில் பெட்டியைப் பார்த்துக்கொள்ள, வாரம் ஒரு மாணவரை அமர்த்துங்கள்.

எழுத்துப் பிழையைப் பெட்டியில் திருத்தவே வேண்டாம். தமிழில் தட்டத் தெரியாதவர்களுக்கு, நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலியைப் போட்டுக் கொடுங்கள். பழகும்வரை ரோமன் எழுத்தில் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

வகுப்புக்குப் பிறகும் பேச்சு தொடர டெலிகிராம் குழு நல்லது. வாட்சாப் குழுவில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பெண்பிள்ளைகள் இருக்கும் குழுவில் அது வேண்டாம். டெலிகிராமிலும் தனியுரிமை அமைப்பில் ‘என் எண்ணை யாரும் பார்க்க வேண்டாம்’ என்பதை ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் வகுப்பிலேயே, உங்கள் கண்முன் அதைச் செய்யச் சொல்லுங்கள். பெற்றோர் ஒருவரும் நிர்வாகியாக இருக்கட்டும். ஒரே பிள்ளை வரிவரியாகக் கொட்டினால் மெதுநிலையை (Slow mode: ஒரு செய்தி அனுப்பியவரை அடுத்ததற்குக் காத்திருக்க வைக்கும் அமைப்பு) 30 விநாடிக்கு வையுங்கள். நிர்வாகிகளை அது கட்டுப்படுத்தாது. 18 பேரும் ஒரே ஓட்டத்தில் எழுதினால் நல்ல பதிலும் மேலே ஓடி மறைந்துவிடும். கலந்துரையாடலுக்கு நான்கைந்து பேராகப் பிரியுங்கள், ஒவ்வொரு குழுவிலும் வெவ்வேறு தோட்டத்துப் பிள்ளைகள் கலந்திருக்கும்படி.