நடு எண் பெரிதாக இருந்தால் பூத்துவிடுமா?

சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வாசகி ஒருவர் கேட்கிறார்: "வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் மல்லிகை, செம்பருத்தி, காகிதப்பூ மூன்றும் வைத்திருக்கிறேன். 30-10-10 உரம் போடுகிறேன். இலை தளதளவென்று இருக்கிறது, பூதான் வரவில்லை. கடையில் 10-30-20 போடச் சொல்கிறார்கள். வாங்கலாமா?"

வேண்டாம். அந்த மூன்று எண்களும் வரிசையாகத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றின் சதவீதம். இலைக்கான சத்தை அள்ளிக் கொடுத்தீர்கள், இலை வந்தது. அதற்காக மணிச்சத்தைக் கூட்டினால் பூ வந்துவிடாது. தொட்டிச் செடிக்கு அது கொஞ்சம் போதும். மிஞ்சினால் இரும்பு, துத்தநாகம் போன்றவற்றை வேர் எடுக்கவிடாமல் தடுக்கும். முதலில் அடி வாங்குவது செம்பருத்திதான்: இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

முதல் எண் நடுத்தரமாக, நடு எண் மூன்றிலும் சிறியதாக, கடைசி எண் பெரியதாக உள்ள உரத்தைத் தேடுங்கள், 12-6-18 போல. இரும்பு முதலிய நுண்சத்துகளும் சேர்ந்திருந்தால் நல்லது. தக்காளிக்கென்று விற்கும் உரம் பெரும்பாலும் இந்த அமைப்பில்தான் இருக்கும். பெயரைப் பார்த்து ஒதுக்க வேண்டாம், எண்ணைப் பாருங்கள்.

ஆனால் உரத்துக்கு முன்னால் வெயில். இந்த மூன்று செடிக்கும் தினமும் ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். உங்கள் தாழ்வாரம் கிழக்கோ மேற்கோ பார்த்திருந்தால் பாதி நாள் வெயிலாவது கிடைக்கும். வெறும் வெளிச்சம் மட்டும் வரும் இடமென்றால் எந்த உரமும் உதவாது, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, தாழ்வாரத் தொட்டியில் மழை விழாது. வெளியே மழை உரத்தைக் கழுவிக்கொண்டு போகும். உங்களிடம் உப்பு மண்ணிலேயே தங்கும். மண்மேல் வெள்ளையாகப் படிந்திருந்தால் அதுதான். எனவே அட்டையில் சொன்ன அளவில் பாதியை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஈர மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். மாதம் ஒரு முறை தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய் அடியில் வழியும்வரை நல்ல தண்ணீர் விடுங்கள். அடித்தட்டில் தேங்கியதை உடனே கொட்டிவிடுங்கள். கொசுப்புழு இருந்தால் தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதம் விதிக்கும்.

மெதுவாகக் கரையும் குருணை உரம் சோம்பேறிகளுக்கு நல்லது, நானும் அதைத்தான் போடுகிறேன். பெட்டியில் ஆறு மாதம் என்றிருந்தாலும் நம்ப வேண்டாம். அந்தக் கணக்கு பெரும்பாலும் 21 டிகிரி வெப்பத்துக்குப் போட்டது. நம் ஊர்ச் சூட்டில் மூன்று நான்கு மாதத்திலேயே தீர்ந்துவிடும். வாழைப்பழத் தோலைப் புதைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். எறும்பும் பழ ஈயும்தான் முதலில் வரும்.

மல்லிகையும் செம்பருத்தியும் புதுத் துளிரில்தான் பூக்கும். மூன்றில் ஒரு பங்கு உயரத்தை வெட்டிவிட்டு, அப்புறம் உரத்தைத் தொடங்குங்கள். வெயில் சரியாக இருந்தால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் மொட்டு தெரியும்.

காகிதப்பூவுக்கு வைத்தியமே வேறு. மேம்பாலங்களில் குறுகலான தொட்டியில், கொளுத்தும் வெயிலில் அது கொத்துக் கொத்தாகப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழை குறைந்த வாரங்களில்தான் அந்தக் கோலாகலம். கொஞ்சம் வாட்டினால்தான் பூக்கும் செடி அது. உரத்தை நிறுத்துங்கள், பெரிய தொட்டிக்கு மாற்றாதீர்கள், இலை லேசாகத் துவளும்வரை தண்ணீர் விடாதீர்கள். நிறம் தெரிந்த பிறகு பாதி அளவு உரம் போதும்.

மிச்சமிருக்கும் 30-10-10ஐத் தூக்கி எறிய வேண்டாம். வீட்டில் கறிவேப்பிலைச் செடி இருந்தால் அதற்கு ஊற்றுங்கள். அதில் நமக்கு வேண்டியது இலைதானே.