நிலத்தை விற்காதீர்கள், மகளைச் செயற்கைக்கால் பட்டறைக்கு அழைத்துப் போங்கள்

திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகள் இரண்டு முறை நீட் எழுதியும் அரசுக் கல்லூரி இடத்துக்கான மதிப்பெண் வரவில்லை. "ஒன்றரை ஏக்கரைக் கொடுத்தாவது நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிடு, நம் குடும்பத்தில் ஒரு டாக்டர் வேண்டும்" என்கிறார் பெரியப்பா. இன்னும் ஒரு வருஷம் கோச்சிங் போகட்டும் என்பது அம்மாவின் கட்சி. பெண் மட்டும் பயோமெக்கானிக்ஸ் என்று ஏதோ சொல்கிறாளாம். "அது என்ன படிப்பு? சோறு போடுமா? எங்களுக்கு ராத்திரி தூக்கமே இல்லை."

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் உங்களைத் தேற்றிக்கொண்டிருந்தால் அதற்குள் பெரியப்பா பத்திர எழுத்தரைப் பார்த்துவிடுவார். அதனால் நேராகவே சொல்கிறேன். நிலத்தைத் தொடாதீர்கள். பல நிகர்நிலைக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கே 20 லட்சத்துக்கு மேல். விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் கோடியைத் தாண்டும். அதற்குப் பிறகு, "வெறும் எம்.பி.பி.எஸ். போதுமா, பி.ஜி. வேண்டாமா?" என்று இதே பெரியப்பா கேட்பார். அப்போது விற்க எதுவும் மிச்சம் இருக்காது. டாக்டர் ஆக வேண்டும் என்று உங்கள் மகள் துடித்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன். உங்கள் கடிதத்தில் அவள் அப்படிக் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. மூன்றாவது கோச்சிங்குக்கும் அதுதான் பதில்.

அவளோடு போனில் பேசினேன். மும்முறை தாண்டுதலில் மாவட்ட அளவு வரை போனவள் என்பதால் படிப்பைப் பற்றி எதுவும் கேட்காமல் ஒரு கேள்வி போட்டேன். ஒருவருக்கு வலது இடுப்பு மூட்டில் வலி. கைத்தடியை எந்தக் கையில் பிடிக்க வேண்டும்? நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வலது கை என்பார்கள். இவள் "இருங்க சார்" என்று போனை வைத்துவிட்டு, குடையை ஊன்றி அறைக்குள் நடந்து பார்த்திருக்கிறாள். திரும்பி வந்து, "இடது கை. தடி மூட்டிலிருந்து தள்ளி இருந்தால் திருப்பு விசை, அதாவது சுழற்றும் வலு, அதிகம்" என்றாள்.

பயோமெக்கானிக்ஸ் என்பது இதுதான். பிளஸ் ஒன் இயற்பியலில் வரும் விசை, நெம்புகோல், திருப்பு விசை எல்லாவற்றையும் எலும்பிலும் தசையிலும் வைத்துப் பார்ப்பது. வலது காலில் மட்டும் நிற்கும்போது உடலின் எடை அந்த மூட்டுக்கு உட்பக்கமாக விழுகிறது. இடுப்பு சரியாமல் பக்கவாட்டுத் தசை இழுத்துப் பிடிக்கிறது. அந்தத் தசை மூட்டுக்கு மிக அருகில் இருப்பதால், எடையைவிடப் பலமாக இழுத்தால்தான் ஈடுகட்ட முடியும். எடையும் இழுப்பும் சேர்ந்து மூட்டின் மேல் விழுவது உடல் எடையைப் போல் இரண்டரை, மூன்று மடங்கு. 60 கிலோ ஆளுக்கு 150 கிலோவுக்கு மேல். இடது கையில் தடியைப் பிடித்துச் சற்று அழுத்தினால் தசைக்கு வேலை குறைகிறது, மூட்டு ஆசுவாசப்படுகிறது.

இதை அளக்கும் நடை ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. உடம்பில் ஒளி திருப்பும் சிறு உருண்டைகளை ஒட்டி, சுற்றிலும் அகச்சிவப்புக் கேமராக்கள் வைத்து, பாதம் அழுத்தும் விசையை அளக்கும் தட்டுகள் பதித்த தரையில் நடக்கவிடுவார்கள். ஒரு கால் தரையைத் தொட்டு மறுபடி தொடும்வரை ஒரு சுற்று. அதில் சுமார் 60 சதவீத நேரம் பாதம் தரையில், 40 சதவீதம் காற்றில். வலியோ பக்கவாதமோ வந்தால் இந்தக் கணக்கு குலையும். உங்கள் மகள் ஆடிய மும்முறை தாண்டுதலில், தேர்ந்த வீரர்களின் கால் இறங்கும்போது உடல் எடையைப் போல் பத்து மடங்கைத் தாண்டிய விசை பதிவாகியிருக்கிறது. சந்தேகத்துக்குரிய பந்துவீச்சில் முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர்கிறதா என்று பார்ப்பதும் இந்த முறையில்தான். சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் அந்தச் சோதனை நடந்திருக்கிறது.

சரி, படிப்புக்கு வருவோம். பிசியோதெரபி, பயோமெடிக்கல் இன்ஜினியரிங் பற்றியெல்லாம் பக்கத்து வீட்டிலேயே சொல்வார்கள், நான் விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாத ஒன்று பி.பி.ஓ. பேச்சிலர் இன் பிராஸ்தெடிக்ஸ் அண்ட் ஆர்தோடிக்ஸ். செயற்கைக் கை கால்களும், உடலைத் தாங்கும் காலிப்பர், பெல்ட், காலணி போன்ற கருவிகளும் செய்யும் படிப்பு. (பி.பி.ஓ. என்றதும் இராத்திரி ஷிப்டா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், தயாராக இருங்கள்.) பயிற்சிக் காலத்தோடு நாலரை ஆண்டு.

முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்ட ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சிய காலை விரலால் தடவித் தடவி, எலும்பு துருத்தும் இடங்களைப் பென்சிலால் குறிக்க வேண்டும். மேலே மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி அச்சு எடுக்க வேண்டும். அந்த அச்சுக்குள் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினால் காலின் நகல் கிடைக்கும். அப்புறம்தான் உண்மையான வேலை. முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநார் எடையைத் தாங்கும், அதனால் அந்த இடத்தில் நகலை அரத்தால் செதுக்கிக் குறைக்க வேண்டும். வெளிப்பக்கச் சிறு எலும்பின் தலை அழுத்தம் தாங்காது, அந்த இடத்தில் மாவை ஏற்றி மேடாக்க வேண்டும். அதன் மேல் சூடாக்கிய பாலிப்ரொப்பிலீன் தகட்டைப் போர்த்தி, காற்றை உறிஞ்சி எடுத்தால் சாக்கெட், அதாவது எஞ்சிய கால் நுழைந்து உட்காரும் கூடு. கணக்கு தவறினால் சில நாளில் புண். அவர் சர்க்கரை நோயாளி என்றால் அந்தப் புண்ணால் இன்னும் கொஞ்சம் கால் போகலாம்.

சாக்கெட்டோடு முடிவதில்லை. குழாயும் பாதமும் பூட்டி, அவரை இணைகம்பிகளுக்கு நடுவே நிற்க வைத்து, நடக்க வைத்துப் பார்க்க வேண்டும். பாதம் சில மில்லிமீட்டர் முன்னே போனாலும் பின்னே போனாலும் முழங்காலில் விழும் திருப்பு விசை மாறும், நடையும் மாறும். ஆலன் சாவியால் ஒரு திருகு, மறுபடி நாலு அடி நடை, மறுபடி ஒரு திருகு. குடையை ஊன்றி நடந்து பார்த்த பெண்ணுக்கு இந்த இடம் பிடிக்கும் என்பது என் கணிப்பு.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. 1940களில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, வேலை செய்யும் தசைநாரை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தினார். உணர்ச்சியற்ற பாதத்துக்கு எங்கே அழுத்தம் விழுகிறது என்று பார்த்து மெத்தென்ற ரப்பர் செருப்பு செய்ததும் அந்த மரபில் வந்ததுதான். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் சுஜாதா சீனிவாசனின் ஆய்வுக்குழு, நிற்க உதவும் சக்கர நாற்காலியையும், பெங்களூரு மொபிலிட்டி இந்தியா போன்ற அமைப்புகளோடு சேர்ந்து 2022இல் 'கதம்' என்ற செயற்கை முழங்காலையும் கொண்டுவந்தது.

எங்கே படிப்பது? ஒடிசா கட்டாக் அருகே உள்ள தேசிய நிறுவனத்திலும் கொல்கத்தா, டெல்லி நிறுவனங்களிலும் பொது நுழைவுத் தேர்வு வழியாகச் சேரலாம். மூன்றும் மத்திய அரசுடையவை. வேலூர் சி.எம்.சி.யிலும் மொபிலிட்டி இந்தியாவிலும் படிப்பு உண்டு. அரசு நிறுவனத்தில் படித்தால், நிகர்நிலைக் கல்லூரியில் ஒரு வருஷத்துக்குக் கட்ட இருந்த பணத்தில் இங்கே முழுப் படிப்பும் முடிந்து மிச்சமும் இருக்கும். எல்லா இடத்திலும் இடங்கள் குறைவு. ஒரே இடத்தை நம்பி உட்கார வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் ஒப்புதல் இல்லாத கல்லூரியில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், எவ்வளவு பளபளப்பான கட்டடமாக இருந்தாலும். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, கவுன்சிலில் பதிவு செய்யாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறைகூட உண்டு. "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்று கல்லூரிக்காரர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், ஐ.எஸ்.பி.ஓ. என்ற சர்வதேச அமைப்பின் அங்கீகாரம் அந்தப் படிப்புக்கு உண்டா என்றும் கேளுங்கள்.

சோறு போடுமா என்றீர்கள். போடும், விருந்து போடாது. தொடக்கச் சம்பளத்தை ஐ.டி. கம்பெனியோடு ஒப்பிட்டால் உங்களுக்கு வருத்தம்தான் மிஞ்சும். மருத்துவமனை, மறுவாழ்வு மையம், கருவி செய்யும் நிறுவனம், சொந்தக் கிளினிக் என்று வழிகள் இருக்கின்றன. கை பழகப் பழகத்தான் வருமானம் ஏறும். இதில் நான் எதையும் பூசி மெழுகப் போவதில்லை.

முடிவெடுக்கும் முன் சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலோ உங்களுக்கு அருகிலுள்ள மையத்திலோ அனுமதி கேட்டு, அவளுக்குப் பட்டறையைக் காட்டுங்கள். மாவுத்தூசியும் பிளாஸ்டிக் வாடையும் ஆறாத காயமும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அவள் வேண்டாம் என்றால் வேண்டாம். அப்புறம் நானும் வற்புறுத்த மாட்டேன்.

"அரமும் சுத்தியலும் பிடிக்கிற வேலை பெண் பிள்ளைக்குச் சரிவருமா?" என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். முழங்காலுக்கு மேல் கால் இழந்த ஒரு பெண்ணுக்கு அச்சு எடுக்க, இடுப்புக் கவட்டை வரை மாவுக்கட்டு போட வேண்டும். அங்கே யார் நின்றால் அவர் கூசாமல் நிற்பார் என்று உங்கள் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள்.