ஒரே கதை, பல ஊடகம்: மகளை எதில் சேர்க்கலாம்?

அன்புள்ள அம்மாவுக்கு,

பிளஸ் டூ முடித்த மகள் பல ஊடகங்களில் கதை சொல்லப் போவதாகச் சொல்கிறாள், அதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைதான். ஆனால் அந்தப் பெயரில் விளம்பரம் வருவது அபூர்வம். திரைக்கதை, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, அனிமேஷன், வீடியோ கேம் வடிவமைப்பு என ஏதாவது ஒரு வேலையில் கை தேர்ந்தவராகத்தான் உள்ளே நுழைய முடியும்.

நாவலைப் படமாக்குவதை அவள் சொல்லவில்லை. ஒரே கதையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஊடகத்தில் சொல்வதைச் சொல்கிறாள். 2003இல் 'மேட்ரிக்ஸ்' என்ற ஹாலிவுட் படத் தொடரின் கதையைப் பிரித்துச் சொன்ன விதத்தைப் பாருங்கள். மனிதர்களின் எதிரிகளான இயந்திரங்கள் பூமியைத் துளைத்து வருவதை ஒரு கப்பலின் குழுவினர் கண்டுவிடுகிறார்கள். அதில் ஒரு பெண் எச்சரிக்கைச் செய்தியைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு உயிரை விடுகிறாள். இது அனிமேஷன் குறும்படம். அந்தத் தபாலைத் தேடி எடுப்பது வீடியோ கேம். எடுப்பவர்கள் படத்தில் துணைப் பாத்திரங்களாக வருகிறவர்கள். செய்தி கைக்கு வந்தபின் நடப்பதுதான் திரைப்படம். படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு ஏதோ விடுபட்டதுபோல் இருக்கிறது என்ற குறையும் அப்போது எழுந்தது. ஒவ்வொரு துண்டும் தனியாகவும் நிற்க வேண்டும், சேர்ந்தால் கூடுதலாகவும் தர வேண்டும். இந்தத் தொழிலின் கஷ்டமே அங்கேதான் இருக்கிறது.

படிப்புக்கு வருகிறேன். விஷுவல் கம்யூனிகேஷன் பட்டப்படிப்பு தமிழ்நாட்டில் பல கலைக் கல்லூரிகளில் உண்டு. வடிவமைப்பில் நாட்டம் இருந்தால் ஐ.ஐ.டி.க்களின் பி.டெஸ். என்ற வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கு 'யூசீட்' தேர்வும், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்குத் தனி நுழைவுத் தேர்வும் இருக்கின்றன. கவர்ச்சியான பெயர் வைத்து லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் இடங்களில் மட்டும் அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். சென்ற ஆண்டு மாணவர்கள் செய்த வேலைகளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அதற்கு முன், இந்த விடுமுறையில் அவள் ஒரு வேலை செய்து பார்க்கட்டும். உங்கள் ஊரில் தேரோட்டம் உண்டென்றால் அதையே எடுத்துக்கொள்ளலாம். முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்தின் அருகே எப்படி நிற்கிறார் என்பதை ஐந்து நிமிட ஒலிப்பதிவாக அவர் குரலிலேயே பதியட்டும். தேர் திரும்பும் தெருமுனையைச் சிறிய வீடியோவாக எடுக்கட்டும். வடம் பிடிக்க வந்தவர்களின் கதையைப் படக்கதையாக வரையட்டும். ஒன்றில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லக் கூடாது.

மூன்றையும் முடித்தபின் எதில் சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்திருந்தாள் என்று நீங்களே கவனித்து எனக்கு எழுதுங்கள். கல்லூரிப் பட்டியலை அதை வைத்துத் தயாரிப்போம்.