யாருக்கு யார் பாஸ்?

வணக்கம் ஐயா,

நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். போன மாதம் கோலாலம்பூரில் வேலை செய்யும் மகனோடு சில நாள் தங்கியிருந்தேன். ஒருநாள் காலை பிரிக்பீல்ட்ஸில் பசியாறப் போனோம். மேசை துடைத்த பையனை மகன் 'பாஸ்' என்று கூப்பிட்டான். அந்தப் பையன் என்னைப் பார்த்து, 'பாஸ், மினும் அபா?' (என்ன குடிக்கிறீர்கள்?) என்றான். கல்லாவில் இருந்தவர் மகனை 'பாஸ்' என்றார். வெளியே கார் நிறுத்த இடம் காட்டியவரும் பாஸ், சாயங்காலம் வந்த கிராப் ஓட்டுநரும் பாஸ். இரவு மேலாளர் அழைத்தபோதும் மகன் 'ஓகே பாஸ்' என்றுதான் பேசினான். வாழ்நாள் முழுக்க 'அண்ணே, ஒரு தே' என்று கேட்டுக் குடித்தவன் நான்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? மரியாதையா, கிண்டலா? லத்தீனில் 'போஸ்' என்றால் மாடு என்று எங்கோ படித்தேன். ஊரெல்லாம் ஒருவரையொருவர் மாடு என்றா கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்? மகனிடம் இந்தப் பழக்கத்தை விடச் சொல்லலாமா?

கே. எம்.
பட்டர்வொர்த்

அன்புள்ள கே. எம். அவர்களுக்கு,

மாட்டை முதலில் அவிழ்த்து விட்டுவிடுவோம். லத்தீன் போஸ் மாடுதான், ஆனால் முதலாளி பாஸுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆங்கிலத்தில் இதே எழுத்தில் இன்னொரு பாஸும் உண்டு. கேடயத்தின் நடுவே புடைத்து நிற்கும் குமிழுக்கு அந்தப் பெயர், பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. கல்யாணப் பத்திரிகையில் எழுத்தைத் தடவினால் மேடு தட்டுப்படுகிறதே, அச்சகத்தில் 'எம்போஸ்' என்பார்களே, அது இந்தக் குமிழின் வம்சம். பெட்டாலிங் தெருவில் தொங்கும் இடைவார்களில் பளபளக்கும் ஹியூகோ பாஸ் முத்திரையில் உள்ள பாஸ், ஒரு ஜெர்மன் ஆடைத் தயாரிப்பாளரின் குடும்பப் பெயர். இந்த மூன்றையும் ஓரமாக வைத்துவிடலாம்.

நீங்கள் கேட்பது டச்சு மொழிச் சொல். அங்கே அது நெடிலோடு 'பாஸ்' (baas). பட்டறைத் தலைவன், வீட்டு எஜமான், கப்பல் தலைவன் எல்லாரும் பாஸ். இன்றைய நியூயார்க் 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களின் ஊர், அப்போது அதற்கு நியூ ஆம்ஸ்டர்டாம் என்று பெயர். 1664இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்துப் பெயரை மாற்றினார்கள். ஊர் பேர் மாறினாலும் டச்சுக்காரர் வீட்டுச் சொற்கள் வாயை விட்டுப் போகவில்லை. குக்கி, கோல்ஸ்லா, சாண்டா கிளாஸ் எல்லாம் அப்படி ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டவை. பாஸும் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

குக்கி ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை, தின்னும் பொருளுக்குப் பெயர் வேண்டுமே. ஆனால் எஜமானைக் குறிக்க ஆங்கிலத்தில் 'மாஸ்டர்' என்ற சொல் ஏற்கெனவே இருந்தது. அப்புறம் ஏன் டச்சுக்காரரிடம் கடன் வாங்கினார்கள்? காரணம் அடிமை முறை. அடிமைகள் தங்கள் உடைமையாளரை மாஸ்டர் என்று அழைத்தார்கள். கூலிக்கு வேலை செய்த வெள்ளைத் தொழிலாளிக்கு அதே சொல்லால் தன் முதலாளியைக் கூப்பிட நாக்கு வரவில்லை. தான் அடிமை இல்லை என்பதை அவன் தினமும் தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு வாகாக ஒரு சொல் பக்கத்திலேயே கிடைத்தது. ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1838இல் இதைக் கண்டு எரிச்சலோடு எழுதினார்: மாஸ்டர் என்று சொல்லக் கூசி பாஸ் என்கிறார்கள், டச்சில் அதற்கும் அதே பொருள்தானே! அகராதிப்படி கூப்பர் சொன்னது சரி. ஆனால் அந்தத் தொழிலாளிக்குத் தேவைப்பட்டது பொருளில் வேறுபாடு இல்லை. அடிமையின் வாயில் படாத ஒலி ஒன்று கிடைத்தால் போதும் அவனுக்கு.

ஒரு சொல்லைத் தவிர்க்கப் பிடித்துக்கொண்ட சொல் இது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிரிக்பீல்ட்ஸ் கடைக்குத் திரும்பும்போது வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் அது பிறகு எங்கெங்கோ போனது. நியூயார்க் அரசியலைக் கையில் வைத்திருந்து, ஊழல் வழக்கில் மாட்டி, 1878இல் சிறையில் செத்த ட்வீடுக்கு 'பாஸ் ட்வீட்' என்றே பெயர். இப்போது கணினி விளையாட்டில் கடைசிக் கட்டத்தில் வந்து நிற்கும் பெரிய அரக்கனும் பாஸ்தான். உங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

எனக்குச் சுவையாகப் படுவது இந்தச் சொல் டச்சுக்காரரோடு கப்பலேறி மற்ற ஊர்களில் இறங்கிய கதை. தென்னாப்பிரிக்காவில் கேப் பகுதியில் அவர்கள் 1652இல் குடியேறினார்கள். அங்கே 'பாஸ்' எந்தச் சொல்லுக்கும் மாற்றாக இருக்கவில்லை, அதுவே எஜமானாக உட்கார்ந்துவிட்டது. கறுப்பினத் தொழிலாளி வெள்ளைக்காரனை, அவன் பொடிப்பயலாக இருந்தாலும், பாஸ் என்று கூப்பிட வேண்டியிருந்தது. நிறவெறி ஆட்சிக் காலத்தில் வெள்ளையர் ஆதிக்கக் கொள்கைக்கே 'பாஸ்காப்' என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவில் ஒருவனை 'நான் அடிமையில்லை' என்று சொல்ல வைத்த சொல், இங்கே இன்னொருவனை அடிமை போலத் தலை குனிய வைத்தது.

இலங்கையில் நடந்தது வேறு. டச்சுக்காரர் அங்கே கரையோரப் பகுதிகளை 1796 வரை ஆண்டார்கள். அவர்கள் விட்டுப்போன 'பாஸ்' தச்சருக்கும் கொத்தனாருக்கும் பட்டமாகிவிட்டது. சிங்களத்தில் இன்றும் வீடு கட்டுகிறவர் பாஸ். இலங்கைத் தமிழர் பேச்சிலும் 'மேசன் பாஸ்' வருவார், சுவரைத் தட்டிப் பார்ப்பார், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார். இங்கே செந்தூல் பக்கம் ரயில்வேயில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் மூத்தவர்கள் யாரையாவது தெரிந்தால் விசாரியுங்கள். மூல டச்சு நெடிலும் அந்தப் பாஸில் அப்படியே இருக்கிறது.

மலாக்காவும் 1641இலிருந்து டச்சுக்காரர் கையில் இருந்ததுதானே, நம் பாஸ் அந்த வழியில் வந்திருக்குமா என்று தோன்றலாம். இல்லை, நாம் சொல்வது ஆங்கிலம் வழியே வந்த பாஸ் (boss). மலாயிலும் அது 'பொஸ்'. நான் பாஸ் என்று எழுதுவதுகூடத் தமிழ்நாட்டு எழுத்து முறைதான். நம் ஊர்ப் பத்திரிகையில் இதில் ஒரு சிக்கல் உண்டு. 'பாஸ் தலைவர் பேச்சு' என்று தலைப்பு வந்தால் அது பாஸ் (PAS) என்ற இஸ்லாமியக் கட்சியின் செய்தி. மலாய்ப் பேருந்துக்கும் அதே எழுத்து, தேர்வில் தேறினாலும் அதே எழுத்து. தமிழ் எழுத்து இத்தனை பேரை ஒரே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறது.

சரி, கடைக்கு வருவோம்.

நம்மிடம் மேலே இருப்பவனைக் குறிக்கச் சொல் பஞ்சம் இருந்ததே இல்லை. தோட்டப்புறத்தில் பெரிய துரை, சின்ன துரை, அவர்களுக்குக் கீழே கணக்கெழுதும் கிராணி, அவருக்குக் கீழே ஆள்களை மேய்க்கும் கங்காணி, அங்கங்கே வேலையை மேற்பார்க்கும் மண்டோர். மண்டோர் போர்த்துகீசியரிடமிருந்து மலாய்க்கு வந்து நம்மிடம் சேர்ந்தவர். டவுனுக்கு வந்தால் சீனர் கடையில் தவ்கே, ஹொக்கியனில் வீட்டுத் தலைவர் என்று பொருள். நம்மவர் கடையில் முதலாளி. இதில் ஒவ்வொரு சொல்லிலும் ஒரு நாற்காலி இருக்கிறது. துரை என்று கூப்பிட்டால் கூப்பிட்டவன் எங்கே நிற்கிறான் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். கிராணியை யாரும் தவறிப்போய் துரை என்று சொல்லிவிட முடியாது, சொன்னால் அடுத்த நாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் தெரியும்.

உறவுச் சொற்கள் இதைவிட நல்லவைதான். ஆனால் அவற்றிலும் ஒரு சங்கடம் சேர்ந்துவிட்டது. பழைய ஆங்கிலேயர் காலத்து அலுவலகங்களில் 'தம்பி' என்றால் கோப்பு தூக்கும் கடைநிலை ஊழியர். நம் பாசமான சொல்லை மற்ற இனத்தார் எடுத்து ஒரு வேலையின் பெயராக, கூடவே ஓர் இனத்தின் பெயராக ஆக்கிவிட்டார்கள். இன்றும் சீனரோ மலாய்க்காரரோ ஒருவரை 'அண்ணே' என்று கூப்பிட்டால் அதில் அன்பு இருக்கிறது, 'நீ இந்தியன்' என்பதும் இருக்கிறது. மலாயில் அண்ணனைக் குறிக்கும் 'அபாங்' என்றால் எதிரே நிற்பவர் மலாய்க்காரர் என்று பாதி முடிவாகிவிடும். 'அங்கிள்' இனம் பார்க்காது, வயதைப் பார்க்கும். முடிக்குச் சாயம் பூசியவரிடம் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் மகன் காலையில் கடைக்குள் நுழைகிறார். மேசை துடைக்கும் பையன் வங்காளதேசமோ, நேப்பாளமோ, மியன்மாரோ, ராமநாதபுரமோ, அவருக்குத் தெரியாது. வயது தன்னைவிடக் கூடவா குறையவா என்பதும் தெரியாது. அண்ணேயா, தம்பியா, அபாங்கா, மலாய்த் தம்பியான அடிக்கா? தே தாரிக் கேட்கும் நேரத்தில் இவ்வளவையும் முடிவு செய்ய முடியாது. 'பாஸ்' என்று சொல்லிவிட்டால் இனம், வயது, பதவி எதையும் தொடாமல் தாண்டிவிடலாம். அந்தப் பையனுக்கும் அதே நிலைமைதான். நீங்கள் ஐயாவா, டத்தோவா, அண்ணனா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அமெரிக்கத் தொழிலாளி ஒரு சொல்லைத் தவிர்க்கப் பிடித்த பாஸை, இவர்கள் இரண்டு பேரும் ஒரு டஜன் சொற்களைத் தவிர்க்கப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே பட்டத்தைக் கொடுத்துக்கொள்வதால் யாரும் யாருக்கும் மேலே இல்லை.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில், கிண்டல் கொஞ்சம், மரியாதை நிறைய. தமிழில் இதற்கு ஒரு சோதனை உண்டு. 'மச்சா' என்றால் அடுத்து 'வா' வரும், 'போ' வரும். பாஸ் என்று தொடங்கினால் பெரும்பாலும் 'சொல்லுங்க பாஸ்', 'வாங்க பாஸ்' என்றுதான் முடிகிறது. அறிமுகம் இல்லாதவரிடம் 'நீ'யா 'நீங்க'ளா என்று தடுமாறும் இளைஞர்களை இந்தச் சொல் தானாகவே நீங்கள் பக்கம் தள்ளிவிடுகிறது.

இது தெரிந்துதான் அரசியலும் இதைக் கையில் எடுத்தது. 2018 தேர்தலில் ஆட்சியை இழந்த நஜிப், அடுத்த ஆண்டு 'மாலு அபா பொஸ்கு' என்ற முழக்கத்தோடு மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். வெட்கமென்ன, என் பாஸே என்று பொருள். ஒரு பிரதமரின் மகனாகப் பிறந்து, தாமும் பிரதமராக இருந்து, டத்தோஸ்ரீ பட்டத்தோடு வாழ்ந்தவர், இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் மேசைக்கு மேசை இலவசமாகக் கிடைக்கும் பட்டத்தைத் தேடி வந்தார். துன், தான்ஸ்ரீ, டத்தோ என்று அடுக்கடுக்காகப் பட்டங்கள் உள்ள நாட்டில், அரண்மனைக்குப் போகாமல் யாரும் யாருக்கும் கொடுக்கக்கூடிய பட்டம் இது ஒன்றுதான்.

மகனிடம் விடச் சொல்ல வேண்டாம். மேலாளரிடம் மட்டும் ஒரு கண் இருக்கட்டும். கடைப் பையனிடம் பாஸ் சமத்துவம், சம்பளம் கொடுப்பவரிடம் அது பழைய அகராதிப் பொருளுக்கே திரும்பிவிடும், கூப்பர் சொன்ன மாதிரி. நெருங்கிப் பழகும் மேலாளருக்குப் பிடிக்கும். மற்றவருக்கு எழுதும் மின்னஞ்சலில் பெயரைப் போட்டு எழுதுவது உத்தமம்.

நீங்கள் 'அண்ணே' என்றே கேளுங்கள். எந்த நாட்டிலிருந்து வந்த பையனாக இருந்தாலும், மாமாக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே 'தே ஓ', 'குராங் மானிஸ்', 'புங்குஸ்' இவற்றோடு அந்தச் சொல்லையும் கற்றுக்கொண்டுவிடுகிறான். திரும்பிப் பார்ப்பான்.

அன்புடன்.