ஒரே ஒரு 'நாங்கள்'

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. போகிறான். நான், கணவர் இருவருக்கும் பனியன் கம்பெனியில் வேலை. நான்தான் அவனுக்குச் சோறு ஊட்டுகிறேன். செல்போன் இல்லாமல் வாயே திறக்க மாட்டான், சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். காலையில் பல் தேய்த்துவிட்டால் அழுகை, ராத்திரி தேய்ப்பதே இல்லை. தூங்கப் பத்தரை ஆகிறது, காலை ஏழு மணிக்கு எழுப்புவதற்குள் எனக்கு உயிர் போய்விடுகிறது. கணவர் எட்டு மணிக்கு வந்துவிடுவார், அலுப்பாக இருப்பார் என்று நான் தொந்தரவு செய்வதில்லை. பையன் தூங்கிய பிறகுதான் நாங்கள் நிம்மதியாகச் சாப்பிட உட்காருவோம். ஃபிரிட்ஜில் சார்ட் ஒட்டி ஸ்டார் ஸ்டிக்கர் கொடுத்துப் பார்த்தேன், ஒரு வாரம்கூட ஓடவில்லை. வேறு என்ன பரிசு கொடுத்தால் நல்ல பழக்கம் வரும்?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: பரிசைப் பற்றி அப்புறம் பேசலாம். 'பையன் தூங்கிய பிறகுதான் நாங்கள் நிம்மதியாகச் சாப்பிட உட்காருவோம்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் கடிதம். மற்றதையெல்லாம் இந்தப் பகுதிக்கு மாதம் பத்துப் பேராவது எழுதுகிறார்கள்.

நீங்கள் சாப்பிடுவதை உங்கள் மகன் பார்த்திருக்கிறானா? அவன் அப்பா சோற்றைப் பிசைந்து வாயில் வைப்பதை, ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேட்பதை, தட்டைக் கழுவி வைப்பதை? வாரத்தில் ஆறு நாள் அவன் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. அவனுக்குத் தெரிந்த சாப்பாடு, ஒருத்தி கிண்ணத்தோடு பின்னாலேயே வருவது, எதிரே ஒரு திரை ஓடுவது, அவ்வளவுதான். பார்க்காத வேலையை ஸ்டிக்கர் கொடுத்தால் செய்துவிடுவானா? அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் சின்னப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தால் புரியும். வீட்டில் உப்புமா என்றால் ஓடுகிற பிள்ளைதான் அங்கே பக்கத்துத் தட்டைப் பார்த்துப் பார்த்துத் தின்று முடிக்கும். அங்கே யாரும் ஸ்டார் ஒட்டுவதில்லை.

இன்னொன்று. கடிதம் முழுக்க 'நான், நான்' என்றே வருகிறது. ஊட்டுவது நான், தேய்த்துவிடுவது நான், எழுப்புவது நான். 'நாங்கள்' என்று ஒரே ஒரு இடத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் சாப்பிட உட்காருகிற இடத்தில்! எட்டு மணிக்கு வீட்டில் இருக்கிற மனிதர் பத்தரை வரைக்கும் என்னதான் செய்கிறார் அம்மணி? அலுப்பு உங்களுக்கு இல்லையா? நீங்களும் அதே பனியன் கம்பெனிக்குத்தானே போய் வருகிறீர்கள். அவரைத் தொந்தரவு செய்வதில்லை என்று பெருமை மாதிரி எழுதியிருக்கிறீர்கள், எனக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளைக்குச் சோறு போடுவதும் பல் தேய்த்துவிடுவதும் தகப்பனுக்குத் தொந்தரவு என்றால் அந்த வீட்டில் அவர் விருந்தாளியா? சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுப்பதோடு தகப்பன் கடமை முடிந்தது என்று நினைக்கிறவர்களை எனக்கு எந்தக் காலத்திலும் பிடித்ததில்லை.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரம் தூக்கம் வேண்டும், திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்கு இது. உங்கள் பையன் ராத்திரி தூங்குவது எட்டரை மணி நேரம். காலையில் அவன் அழுவது பிரஷ்ஷைப் பார்த்தா, தூக்கம் போதாமலா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். எட்டேகாலுக்கு மூன்று தட்டும் ஒன்றாகத் தரையில் இருக்கட்டும், ஒன்பதுக்கு விளக்கை அணையுங்கள். செல்போன் மூன்றும், உங்களுடையதும் அவருடையதும் சேர்த்துத்தான் சொல்கிறேன், வேறு அறையில் இருக்கட்டும். என்னது, மூன்றாவது போன் இல்லையா, அந்த மட்டும் சந்தோஷம்.

ஊட்டாதீர்கள். அவன் தட்டில் கொஞ்சமாக வைத்துவிட்டு நீங்கள் உங்கள் தட்டைப் பாருங்கள். முதல் நாலைந்து நாள் அப்பளத்தை மட்டும் தின்றுவிட்டு எழுந்து போவான், போகட்டும். மறுநாள் காலையில் பசித்து எழுந்தால் அதுவும் அவன் இதுவரை பார்க்காத விஷயம்தான். திரையைப் பார்த்துக்கொண்டே விழுங்குகிற பிள்ளைக்கு வயிறு நிறைந்ததும் தெரியாது, பசித்ததும் தெரியாது.

கன்னத்தில் அடக்கி வைக்கிறான் என்றீர்களே, அதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படியே தூங்கினால் சோற்றின் மாவை வாயிலுள்ள கிருமிகள் ராத்திரி முழுக்க அமிலமாக்கிப் பல்லை அரிக்கும். 'பால் பல்தானே, விழுந்துவிடும்' என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். கடைவாய்ப் பால் பற்கள் விழப் பத்து, பன்னிரண்டு வயதாகும், அதுவரை அந்தச் சொத்தையோடுதான் அவன் மெல்ல வேண்டும். ஃபுளோரைடு பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும், இரண்டு நிமிடம், ராத்திரி கட்டாயம். ஏழெட்டு வயது வரைக்கும் பிள்ளையின் கை பின்பற்களை ஒழுங்காக எட்டாது, அதனால் அவன் தேய்த்த பிறகு பெரியவர் ஒருவர் மறுபடி தேய்த்துவிட வேண்டும். அந்தப் பெரியவர் அவன் அப்பாவாக இருக்கட்டும். முதலில் அப்பா வாஷ்பேசினில் நின்று தன் பல்லைத் தேய்க்கட்டும், பையன் பக்கத்தில் ஸ்டூலில் நின்று பார்க்கட்டும். நீங்கள் இருவரும் ராத்திரியில் பல் தேய்க்கிற ஆட்கள்தானா என்று நான் கேட்கவில்லை, நாளையிலிருந்து தேய்த்துவிடுங்கள்.

கேட்ட பரிசைச் சொல்லவில்லையே என்கிறீர்களா? அந்தச் சார்ட்டைக் கிழித்துப் போடுங்கள். ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறான் என்று எழுதுங்கள், ஆனால் அந்தக் கடிதத்தை உங்கள் வீட்டுக்காரர் எழுதட்டும்.